கிரியையும் கிருபையும்

ஊரில் செத்தவீடு என்றால் அதில் ஒரு வீடு இருக்கும். முற்றத்தில் பந்தல், இரவல் வாங்கிய கதிரைகள், வேலியோரம் நின்று அரசியல் கதைக்கும் ஆட்கள். இங்கே அது கம்பளம் விரித்த ஒரு மண்டபம். மணித்தியாலக் கணக்கில் வாடகை. ஆனாலும் பழக்கதோஷத்தில் நாங்கள் செத்தவீடு என்றே சொல்லுகிறோம். சில வருடங்களுக்கு முன்னர், ஒரு பெப்ரவரி மாதத்துக் கடுங்குளிரில், மில்லிக்கனில் வாழ்ந்த ஒரு மாஸ்ரரின் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கேட்ட ஒரு பிரசங்கமும், அதற்குச் சில நாட்களின் பின் ஒரு குசினியில் கேட்ட ஒரு கேள்வியும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மில்லிக்கன் ஸ்ரீல்ஸ் வீதியின் இருபுறமும் கிடக்கிறது. தெற்குப் பாதி ரொறன்ரோ, வடக்குப் பாதி மார்க்கம். நோர்மன் மில்லிக்கன் என்ற பழைய குடியேறி ஒருவரின் பெயர் ஊருக்கு வந்தது. இன்று கடைப் பலகைகளில் சீனமும் தமிழும்தான் கூடுதலாகத் தெரியும். மாஸ்ரர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். 83 கலவரத்துக்கு அடுத்த வருடம் கனடா வந்து சேர்ந்து, தொழிற்சாலையில் நின்று, ஸ்ரீல்ஸுக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு காலத்தில் ஏழு பொடியள் இருந்தார்கள். அகதி விண்ணப்பம் நிரப்புவது, வழக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது, மொழிபெயர்ப்பது, முதல் வேலைக்கு பஸ் இலக்கம் எழுதிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். சைவக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் குடும்பத்துப் பெண்ணைக் கட்டுவதற்காகக் கலியாணத்துக்கு முதற்கிழமை ஞானஸ்நானம் எடுத்தவர். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மாத்திரம் கோயிலுக்குப் போவார். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டார். கேட்டால், ‘அது பழக்கம், மதமில்லை’ என்பார்.

பிரசங்கம் செய்தவர் ஒரு தனிச் சபையின் இளம் போதகர். உறவினர் ஒருவர் ஒழுங்கு செய்து வந்தவர். மாஸ்ரரை அவர் கண்டதில்லை. நல்ல குரல், நல்ல தமிழும்கூட. மனிதன் தன் நன்மைகளைக் கடவுளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் அவை கந்தல் துணிக்குச் சமம் என்ற ஏசாயாவின் கருத்தை எடுத்துக்கொண்டார். இறந்தவர் பலருக்கு உதவி செய்தார் என்று எல்லோரும் சொல்லுகிறீர்கள். ஆனால் நற்கிரியைகளால் ஒருவரும் இரட்சிக்கப்படுவதில்லை. அவர் இயேசுவைத் தன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டாரா என்பதுதான் ஒரே கேள்வி என்றார். முன்வரிசையில் அந்த நிலக்கீழ் அறையில் இருந்த பொடியள், இப்போது தலை நரைத்தவர்கள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐந்தாறு நாட்களின் பின் வீட்டுக்குப் போனேன். மாமி தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தா.

“தம்பி, நீர் வாசிக்கிற எழுதுற ஆள். ஒண்டு கேக்கிறன். இவர் செய்ததெல்லாம் கணக்கில வராதோ?”

“எனக்குச் சொல்லத் தெரியாது மாமி” என்றேன். உண்மையில் தெரியாது. அதன் பிறகு வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் கற்றவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல என்பதை வாசிக்க வாசிக்கத் தெரிந்துகொண்டேன். நானூறு வருடங்களாக எங்கள் மண்ணில், எங்கள் மொழியில், இதைப்பற்றி வழக்கு நடந்திருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இந்த வழக்கின் மூன்று கட்சிக்காரர்கள் விசுவாசம், கிரியை, கிருபை. தமிழுக்கு வந்தபோது இவை வெறுமையான பாத்திரங்களாக வரவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏற்கெனவே ஏதோ இருந்தது. விசுவாசம் என்றால் எங்களுக்கு எசமானிடம் வேலைக்காரன் வைப்பது, வளர்த்தவனிடம் நாய் வைப்பது. ஒரு கருத்தை மனத்தால் ஏற்பது என்பது பிறகு வந்த பொருள். கிருபைக்குக் கத்தோலிக்கர் முதலில் பிரியதத்தம் என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள்; மாதாவை வாழ்த்தும் பழைய செபத்தில் அது இருந்தது. பிறகு இஷ்டப்பிரசாதம், வரப்பிரசாதம் என்றார்கள். பிரசாதம் என்பது கோயிலில் கையேந்தி வாங்குவது. உழைத்துப் பெறும் கூலியல்ல. ஒருவிதத்தில் மிகப் பொருத்தமான சொல். புரொட்டஸ்தாந்தர் அதை விட்டுக் கிருபை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் வில்லங்கமான சொல் கிரியை. பவுலும் யாக்கோபும் சொன்ன ‘செயல்’ என்பதற்குத் தமிழ் வேதாகமத்தில் கிரியை என்ற சொல் நிலைத்தது. ஆனால் சைவனுக்குக் கிரியை என்றால் வேறு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களில் இரண்டாவது அது. சிவபூசை, தீட்சை, கோயிற் கிரியை, அபரக்கிரியை, அந்தியேட்டிக் கிரியை. ஆகவே கிரியையினால் ஒருவனும் இரட்சிக்கப்படமாட்டான் என்று ஒரு பாதிரியார் சந்தையில் நின்று சொன்னபோது, அவர் மனத்தில் இருந்தது லூத்தர் எதிர்த்த பாவமன்னிப்புச் சீட்டு. கேட்டவன் மனத்தில் எழுந்தது அப்பனுக்குத் தான் செய்த அந்தியேட்டி. இருவரும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு சண்டை போட்டார்கள்.

ஐரோப்பியச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதன் கடவுளின் முன் நீதிமானாக ஏற்கப்படுவது விசுவாசத்தினால் மாத்திரமே என்றார் லூத்தர். விசுவாசம் செயலில் தெரியாவிட்டால் அதற்கு உயிரில்லை என்று வாதிடும் யாக்கோபின் நிருபம் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. 1522இல் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில், 1547 ஜனவரியில், தன் பதிலைத் தந்தது. நன்மை செய்து மோட்சத்தை விலைக்கு வாங்கலாம் என்று அந்தச் சங்கம் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. தொடக்கம் முழுவதும் கடவுளின் அருளே என்றுதான் அதுவும் சொன்னது. ஆனால் அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கிறான், அவனுடைய நற்செயல்கள் அந்த உறவை வளர்க்கின்றன என்றது. கல்வினின் வழிவந்தவர்கள் இன்னும் ஒருபடி போய், யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தெரிந்துகொண்டார் என்றார்கள். ஒல்லாந்தில் 1618–19இல் கூடிய டோர்ட் சங்கம் அதைச் சட்டமாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வெஸ்லி எழுந்து, கிருபை எல்லோருக்கும் நீட்டப்படுகிறது, வாங்குவதும் மறுப்பதும் உன் கையில், வாங்கினால் பரிசுத்தத்தில் வளரவேண்டும் என்றார்.

இந்த நான்கு கட்சிகளும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் விசித்திரம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயரோடு திரெந்தும், 1658இல் வந்த ஒல்லாந்தரோடு டோர்ட்டும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்லியின் மெதடிஸ்தர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கல்வினியர், அங்கிலிக்கன் சபையார் என்று மூன்று மிஷன்கள் சில வருட இடைவெளியில் இறங்கின. பட்டினத்தில் மெதடிஸ்தர், நல்லூர் சுண்டிக்குளிப் பக்கம் அங்கிலிக்கன், தெல்லிப்பழை வட்டுக்கோட்டை உடுவில் மானிப்பாய்ப் பக்கம் அமெரிக்கர், கரையோரங்களில் கத்தோலிக்கர். சைக்கிளில் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய நிலத்தில் ஐரோப்பாவின் முழுச் சண்டையும் குடியிருந்தது.

ஒல்லாந்தர் காலத்துக் கதை கசப்பான ஒரு நகைச்சுவை. மனித முயற்சிக்கு எந்தப் பெறுமதியும் இல்லை, எல்லாம் கடவுளின் தெரிவே என்று கற்பித்த திருச்சபை அது. ஆனால் அதன் நடைமுறை முழுவதும் இடாப்பும் தண்டப்பணமும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் அனுப்பாவிட்டால் தண்டம். ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பில் பெயர் பதிந்தால்தான் கலியாணம் செல்லும், முதுசம் செல்லும், உத்தியோகம் கிடைக்கும். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த பால்டேயஸ் பாதிரியார் பள்ளிகளையும் கோயில்களையும் ஊர் ஊராக விவரித்து எழுதியிருக்கிறார். வாசித்தால் நாடே வேதத்தில் மூழ்கியதுபோலத் தோன்றும். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பிறகு கட்டாயம் நீங்கியதும் அந்தப் பெருந்திரள் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது. எங்கள் முன்னோர் தோம்புக்குக் கொடுத்தது பெயரை. வெள்ளிக்கிழமை மரக்கறியை விடவில்லை. மாஸ்ரரின் ஞானஸ்நானத்தை நினைக்கும்போது எனக்கு இந்தத் தோம்புதான் நினைவுக்கு வருகிறது. அதில் பொய் இருந்தது என்று சொல்லமாட்டேன். அது ஒரு பழைய உள்ளூர் ஏற்பாடு.

1816இல் வந்த அமெரிக்கர்கள் இதையெல்லாம் அறிந்திருந்தார்கள். ஆகவே பெயர்க் கிறிஸ்தவர்களைச் சேர்ப்பதில்லை என்ற உறுதியோடு வந்தார்கள். அவர்களின் சபை மரபில் ஒருவனைச் சேர்க்க வேண்டுமானால் அவன் உள்ளத்தில் கிருபை வேலை செய்ததற்குச் சாட்சி வேண்டும். எப்படிப் பாவத்தை உணர்ந்தான், எப்படி மனம் மாறினான் என்பதை அவன் சொல்ல, போதகர்கள் துருவிக் கேட்பார்கள். கொஞ்சக்காலம் நடத்தையையும் கவனிப்பார்கள். இங்கேதான் முடிச்சு. கிருபை கண்ணுக்குத் தெரியாது. தெரிவது நடத்தை மாத்திரம். விசுவாசத்தினால் மாத்திரமே மீட்பு என்று பிரசங்கித்தவர்கள், அந்த விசுவாசம் இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் கிரியையைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு வழியும் இல்லை.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறும் இந்த முடிச்சின் வரலாறுதான். வானசாத்திரமும் கணிதமும் தமிழும் சமஸ்கிருதமும் படிப்பித்த அந்த இடத்தைப்பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அது ஏன் மூடப்பட்டது என்பதுதான் எமக்கு வேண்டியது. அமெரிக்கத் தலைமை அலுவலகத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்து பார்த்தார். மிஷனின் வேலை சுவிசேஷத்தை அறிவித்துச் சபைகளை உண்டாக்குவது. ஆங்கிலக் கல்வி உத்தியோகம் தேடுவோருக்கு ஏணியாகிவிட்டது என்பது அவர் எண்ணம். அந்த வருடமே செமினரி மூடப்பட்டது. நற்கிரியை விசுவாசத்தின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற பழைய அச்சம், பொஸ்ரனிலிருந்து கிளம்பி வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியை மூடியது என்று சொன்னால் மிகையாகாது.

அதே வருடங்களில் மானிப்பாயில் டொக்ரர் சாமுவேல் கிறீன் இருந்தார். 1847இல் வந்தவர்; இடையில் ஒருமுறை ஊர் போய் வந்து, 1873இல் ஒரேயடியாகத் திரும்பினார். அறுபதுக்கு மேற்பட்ட பொடியளுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்து, 1860களில் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழில் ஆக்கியவர். அவரும் ஆழ்ந்த விசுவாசி; வைத்தியம் சுவிசேஷத்துக்கு வாசல் என்று நம்பியவர்தான். ஆனால் யாழ்ப்பாணம் செய்தது வேறு. மிஷனின் கிரியைகளைக் கைநீட்டி வாங்கிக்கொண்டது. விசுவாசத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராகவே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அவரோடு 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை, கிறிஸ்தவராக நின்று நாவலரை எதிர்த்து எழுதிவிட்டுப் பின்னர் சைவத்துக்கே திரும்பினார். அவரிடம் விசுவாசம் இருந்ததா, போனதா, முதலிலேயே இல்லையா? போதகர்கள் எந்தத் தராசில் நிறுத்திருப்பார்கள்?

நாவலருக்கு வருவோம். 1840களில் ஆறுமுக நாவலர் மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவலோடு வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் இருந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகியது. அதற்கு முன்னரே, 1848இல், நாவலர் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். 1854இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம் ஒரு கெட்டிக்கார வழக்கறிஞரின் வேலை. திருநீறு, தீபம், அபிஷேகம், நைவேத்தியம், தீர்த்தம் என்று எதையெல்லாம் மிஷனரிமார் வெறும் கிரியை என்று பழித்தார்களோ, அவற்றுக்கு ஒப்பானவற்றை அவர்களுடைய வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். பலிபீடம், தூபம், குத்துவிளக்கு, அபிஷேகத் தைலம், சுத்திகரிப்பு எல்லாம் யெகோவாவே கட்டளையிட்டவை அல்லவா? உங்கள் கடவுள் கேட்டால் பக்தி, எங்கள் கடவுள் கேட்டால் மூடநம்பிக்கையா? வேதாகமத்தை வசனம் வசனமாகத் தமிழில் உருட்டியவருக்கு எந்தப் பக்கத்தில் எது இருக்கிறதென்று தெரிந்திருந்தது.

ஆனால் இந்த விவாதத்தில் ஒரு விஷயம் இரு பக்கத்தாரின் கூச்சலிலும் அமிழ்ந்துபோனது என்பது என் எண்ணம். இந்து நற்செயலால் முத்தி தேடுகிறான் என்பது மிஷனரிமாரின் பொதுக் குற்றச்சாட்டு. சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவேயில்லை. தீவினை இரும்புச் சங்கிலி என்றால் நல்வினை பொன் சங்கிலி, இரண்டும் கட்டுத்தான். புண்ணியம் சுவர்க்கம் தரலாம், அதுவும் தீர்ந்துபோகும். இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்த உயிரில் சத்திநிபாதம் நிகழ்கிறது, சத்தி பதிகிறது. பதிவது அருள். ஆன்மா அதைச் செய்து முடிப்பதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருளைப்பற்றி மாத்திரம் நூறு குறட்பாக்களில் ஒரு நூல் செய்தார். வைணவர்கள் இதே கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்டுப் பிரிந்துபோனார்கள். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோலப் பற்றவேண்டும் என்பது வடகலை. பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல அவனே கொண்டுபோவான் என்பது தென்கலை. திரெந்தையும் லூத்தரையும் குரங்கும் பூனையுமாகச் சொல்லிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் முழுதும் பொருந்தாது.

மிஷனரிமார் எல்லோரும் இதை அறியாதவர்கள் அல்லர். செமினரியின் தலைவராக இருந்த ஹொய்சிங்ரன் சிவஞானபோதத்தையும் உமாபதியின் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. நாவலரின் கண்டன நூல் வெளியான அதே வருடம். சந்தையில் ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தபோது, வட்டுக்கோட்டையில் இருந்து போன ஒருவர் திருவருளைப்பற்றி அமெரிக்கருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தயக்கத்தோடு எழுதும் பகுதிக்கு வருகிறேன். விசுவாசம் மாத்திரம் போதும் என்ற கோட்பாடு தமிழரிடையே எதற்கெல்லாம் பயன்பட்டது?

1833இல் கல்கத்தாவின் அங்கிலிக்கன் ஆயர் டானியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தனி வரிசையில் இருப்பது, தனியாக நற்கருணை வாங்குவது நிறுத்தப்படவேண்டும். தஞ்சாவூரில் பெரும் குழப்பம். ஏற்கெனவே அங்கே இதே விஷயத்தில் மிஷனரிமாரோடு மோதியவர் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். அவர் பாட்டுகளைப் பாடாத தமிழ்ப் புரொட்டஸ்தாந்துக் கோயில் கிடையாது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிமார் சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று ஒரு குறிப்பில் கையெழுத்திட்டார்கள். லைப்சிக் லூத்தரன் மிஷன் மாத்திரம் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், தமிழை ஆழமாகக் கற்றவர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். அவர் வாதம் இதுதான்: சாதி சமூக ஒழுங்கு சார்ந்தது, அதை விட்டால்தான் சேர்ப்பேன் என்பது விசுவாசத்துக்கு மேல் ஒரு நியாயப்பிரமாணத்தைச் சுமத்துவது, சுவிசேஷம் உள்ளே வேலைசெய்ய அது தானாகக் கழரும். லூத்தரின் போதனையிலிருந்து எந்தப் பிசகும் இல்லாமல் எடுத்த முடிவு. விளைவு, சாதியை விட விரும்பாத பல குடும்பங்கள் அங்கிலிக்கன் சபையை விட்டு லூத்தரன் சபைக்குப் போய்ச் சேர்ந்தன.

கிரவுலை நான் கபடக்காரர் என்று சொல்லவில்லை. கட்டாயத்தால் வரும் நன்மையை அவர் நம்பவில்லை. ஒல்லாந்தரின் தோம்பை நினைத்தால் அவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் ‘தானாகக் கழரும்’ என்பதற்காகப் பின்வாங்கில் காத்திருந்தவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கோட்பாடு வேறுவிதமாகத் தெரியும். நான் சிறுவனாகக் கண்ட ஒரு கிராமத்துக் கோயிலில் முன்னுக்கு வாங்கு, பின்னுக்குப் பாய். சட்டம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தங்கள் இடம் தெரியும். அங்கேயும் கிருபையினாலே இரட்சிப்பு என்றுதான் பிரசங்கம். நாவலர் பக்கமும் மெச்ச முடியாது. 1877 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றியவர், சாதி ஆசாரத்தில் ஓர் அங்குலம் அசையவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் பேராயர் சபாபதி குலேந்திரன். அமெரிக்க மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரானவர். இலங்கையின் மெதடிஸ்தரும் அங்கிலிக்கன் சபையாரும் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் அது தனித்தே நின்றது. 1964இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய, கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாட்டை ஒப்பிடும் நூல் இலண்டனில் வெளிவந்தது. இதைப்பற்றி எழுதிய மேலைத்தேய அறிஞர் பலருக்கு இல்லாத ஒரு வசதி அவருக்கு இருந்தது. சைவமும் அதன் மொழியும் அவருக்கு வேலிக்கு அப்பால் இருந்தவை. ஏட்டில் தேடவேண்டியவை அல்ல. ஜெர்மனியின் றுடோல்வ் ஒற்றோ 1930இல் இந்தியாவின் அருள் சமயத்தைப்பற்றி எழுதியபோது கண்ட ஒப்புமையைக் குலேந்திரன் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்று தோளில் தட்டி முடிக்கும் நூல் அல்ல அது. ஒரே சொல் என்பதற்காக ஒரே பொருளாகாது. அருள் எந்தச் சிக்கலைத் தீர்க்க வருகிறது என்று கேட்கவேண்டும் என்பதே அதன் வழியாக நான் விளங்கிக்கொண்டது. ஒன்றில் அது மலத்தால் மூடுண்ட உயிர் பக்குவமடையும்போது பதிகிறது. மற்றதில் தகுதியே இல்லாதவனைத் தேடி வந்து மன்னிக்கிறது. பேராயர் தம் பக்கத்தை விட்டுக்கொடுக்காதவர். அதனால்தான் அவரோடு வாதிட முடிகிறது.

இதற்கிடையில் சண்டை தொடங்கிய வீட்டிலேயே சமாதானம் பேசப்பட்டது. 1999 ஒக்ரோபர் 31இல், ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. தகுதியினாலன்றி, அருளினாலேயே மனிதர் ஏற்கப்படுகிறார்கள். நற்செயல் அதன் கனி. இதில் பழைய சாபங்கள் மற்றவரின் இன்றைய போதனையைத் தாக்கா என்றார்கள். மெதடிஸ்தர் 2006இலும், கல்வின் மரபுச் சபைகளின் ஒன்றியம் 2017இலும் சேர்ந்தன. தமிழிலும் அதேபோல ஒன்று நடந்தது. 1995இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் கிருபை அருளானது, விசுவாசம் நம்பிக்கையானது, கிரியை செயலானது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் இந்தச் சொற்கள் இருந்திருந்தால் நாவலருக்கும் பாதிரிமாருக்கும் சண்டைபிடிக்கப் பாதி விஷயம் குறைந்திருக்கும். மில்லிக்கனில் தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கின்றன. காதுக்குப் பழகியது அது.

எங்களைச் சுற்றியுள்ள கனடியரும் இந்த வழக்கைத் தங்கள் பாணியில் முடித்துக்கொண்டவர்கள்தான். 1925 ஜூன் 10இல் ரொறன்ரோவில் ஒரு ஐஸ் விளையாட்டு அரங்கில் கூடி, மெதடிஸ்தரும் கொங்கிறிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிற்றேரியரில் பெரும்பாலோரும் ஒரே ஐக்கிய திருச்சபையானார்கள். கடவுள் முன்னரே தெரிந்தெடுத்தாரா, மனிதன் தெரிவுசெய்கிறானா என்று இருநூறு வருடம் வாதிட்டவர்களின் பேரப்பிள்ளைகள், மேற்குச் சமவெளியில் ஒரு கிராமத்துக்கு மூன்று கோயில் கட்டுப்படியாகாது என்று கண்டு ஒன்றானார்கள். கிருபை சிலவேளை கணக்குப் புத்தகத்தின் வழியாகவும் வரும்போலும்.

கட்டுரையை ஓரளவு எழுதி முடித்து மாமியிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தா. குலேந்திரன் பகுதியில் நின்று சிரித்தா.

“அந்தப் புத்தகம் எங்கட வீட்டில இருந்தது தம்பி. பிஷப் எழுதினதெண்டு அலுமாரியில வைச்சிருந்தவை. ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

பிறகு எழும்பிப் போய் மாஸ்ரரின் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தா. பள்ளிக்கூடத்துக் கணிதக் கொப்பிபோலச் சதுரக் கோடு போட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், வந்த திகதி, விண்ணப்ப இலக்கம், வழக்குத் திகதி, சட்டத்தரணியின் தொலைபேசி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சரி அடையாளம். முதற்கிழமை அந்த ஏழு பேரில் ஒருவர் வந்திருந்தாராம். 1988இல் மாஸ்ரரிடம் நானூறு டொலர் வாங்கினது திருப்பிக் கொடுக்கவில்லை என்று உறையில் போட்டுக் கொண்டுவந்தாராம். மாமி அவருடைய பக்கத்தை எடுத்துப் பார்த்தா. கணக்கு மாஸ்ரரின் கொப்பியில் காசு ஒரு இடத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

“இதில இல்லையடா தம்பி எண்டன். அவன் கேக்கேல்லை. மேசையில வைச்சிட்டுப் போட்டான்.”

உறை இன்னும் மேசையிலேயே, பழத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா. கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் முருங்கையிலை வறையும். மீன் இல்லை. அப்போதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு நினைவு வந்தது.

“நீங்கள் எப்ப மாமி தொடங்கினீங்கள்?” என்று கேட்டேன்.

“சோத்தைப் போடும்” என்றா.